சாத்திர தானமும் கணினிப் படமும்

சுருத பஞ்சமியன்று ஜிநாலயத்து ஏட்டுக்கட்டுகளை வெளியே எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, தூசு தட்டி, நிழலில் காற்றாட வைத்து, பூசித்து, மாலையில் மீண்டும் கட்டி உள்ளே வைக்கும் வழக்கத்தை நம்மில் மூத்தோர் பலரும் இளமையில் கண்டிருப்பர். அதன் வரலாறும் நம் இல்லங்களில் தெரிந்ததே. கிர்நார் மலைக் குகையில் தவமிருந்த தரசேன ஆசாரியர், தம்மோடு சுருதம் மறைந்துவிடுமோ என்று அஞ்சிப் புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவரை வரவழைத்துக் கற்பித்தார் என்பதும், அவர்கள் வழியே ஷட்கண்டாகமம் ஏடேறி நிறைவுற்ற நாளே ஜேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமி என்பதும் மரபு. நெஞ்சில் இருந்தது ஓலைக்கு வந்தது. ஓலையில் இருப்பது இன்று கணினிக்குப் போகவேண்டும் என்கிறோம்.

கடந்த ஆண்டு அந்நாளில் எங்கள் வட்டாரத்து இளைஞர் நால்வர் என்னிடம் வந்தனர். சுற்றுப்புறத்து ஊர்களில், ஜிநாலயங்களிலும் வீட்டுப் பரண்களிலுமாக, சுமார் இருநூறு கட்டுகள் இருக்கலாம் என்று கணக்கிட்டிருந்தனர். அனைத்தையும் ஓராண்டிற்குள் படமாக்கிவிடுவது அவர்கள் எண்ணம். பொருளுதவி செய்ய அன்பர் ஒருவரும் முன்வந்திருந்தார். யான் நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். கணினியோடு ஓரளவு பழகியவன். "மாமா, எந்தக் காமிரா வாங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றனர். அருகில் எண்பது வயது கடந்த பெரியம்மா ஒருவர் ஏடொன்றில் எலுமிச்சம்புல் தைலம் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே அவர் கேட்டார்: "படம் எடுத்துட்டா, அப்புறம் இதுக்கு யாருப்பா எண்ணெய் போடுவா?"

இளைஞர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஸ்ரீபுராணத்தின் ஒரு பகுதி அடங்கிய கட்டு ஒன்று இருந்தது. என் பாட்டனாரின் அன்னையார் ஒரு நோன்பை நிறைவு செய்தபோது சாத்திர தானமாக எழுதுவித்தது என்பர். கடைசி ஏட்டில் எழுதியவர் பெயரும், எழுதுவித்த அம்மையார் பெயரும், எந்த நோன்பின் பொருட்டு என்பதும் குறிக்கப்பட்டிருந்தன. 2005-ஆம் ஆண்டில் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவன் புதிதாக வாங்கிய காமிராவுடன் வந்தான். இரண்டு பிற்பகல்களில் நூற்று நாற்பது ஏடுகளையும் படமெடுத்து ஐந்து குறுந்தகடுகளில் பதிந்து கொடுத்தான். பண்டிகைக்கு வந்திருந்த சுற்றத்தார் கணினித் திரையில் அதைக் கண்டு "பிரமாதம்!" என்றனர். யானும் அப்படியே சொன்னேன்.

அதுவரை என் தந்தையார் ஆண்டுதோறும் கட்டைப் பிரித்துத் தைலமிட்டு வந்தார். அவர் மறைந்தபின் அப்பொறுப்பு எனக்கு வந்தது. ஓராண்டு விட்டுப்போயிற்று. படம் இருக்கிறதே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. மறு ஆண்டு அந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை. 2019-இல் வீட்டைப் பழுது பார்க்கப் பரணை ஒழித்தபோது, கட்டுப்பலகைகள் இரண்டும் நன்றாக இருந்தன. இடையில் கறையான் மண். பதினோரு ஏடுகள் மிஞ்சின.

இரும்பு பீரோவிலிருந்து தகடுகளை எடுத்தேன். அவற்றைப் படிக்கும் கருவி வீட்டுக் கணினி எதிலும் இல்லை, இரவல் வாங்கினோம். ஒரு தகடு முழுதும் திறந்தது, ஒன்று பாதி திறந்தது, மூன்று திறக்கவே இல்லை. இவ்வகைத் தகடுகளில் பதிவைத் தாங்குவது மெல்லியதொரு சாயப் படலம். வெப்பத்தில் அது கெடும் என்பதைப் பின்னர்தான் படித்தேன். திறந்த படங்களுக்கும் வெறும் எண்களே பெயர். எது எத்தனையாவது ஏடு, எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியவில்லை. ஏடு வளைந்திருந்ததால் இரு ஓரங்களிலும் எழுத்து மங்கியிருந்தது. கடைசி ஏடு திறக்காத தகட்டில் போயிற்று. அந்த அம்மையாரின் பெயர் எனக்குத் தெரியாது. தந்தையார் அறிந்திருப்பார். யான் கேட்டதில்லை, ஏட்டில்தான் இருக்கிறதே!

நாம் பாராட்டாக வழங்கும் 'பிரமாதம்' என்னும் சொல்லுக்கு நம் ஆகம வழக்கில் கவனமின்மை என்பது பொருள் என்று இவ்விதழ் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொலைக்கும் விபத்திற்கும் இடையே கோடு கிழிக்கும்போது தத்துவார்த்த சூத்திரம் பிரமாதத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. ஏடு அஜீவம், அது அழிந்தது ஹிம்சையாகாது என்று வாதிடலாம்தான். ஆனால் அறிவை மறைத்தலும், அதற்கு இடையூறு செய்தலும், அதைக் கெடுத்தலும் ஞானாவரணீய கருமம் சுரக்கக் காரணங்கள் என்று அதே நூல் கூறுகிறது. அவ்வகையில் யான் எதைச் செய்தேன்? ஏட்டை எரிக்கவில்லை, விற்கவில்லை, ஆற்றில் விடவில்லை. காப்பதற்கென்று ஒரு காரியம் செய்தேன். அது தந்த நிம்மதியில் காப்பதை விட்டேன்.

படமே எடுக்காதிருந்தால் ஏட்டைக் காத்திருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆகவே குற்றம் காமிராவின் மேலில்லை. ஆயினும் படமெடுத்தலைச் சாத்திர தானம் என்று நாம் அழைக்கப் போகிறோமெனில், அது எப்போது தானமாகிறது, எப்போது ஆகாது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். எந்தக் காமிரா என்னும் கேள்வி அதற்குப் பின்னரே வரவேண்டியது.

இருந்தும் இளைஞர்கள் கேட்டது காமிராவைப் பற்றி. எனவே அங்கிருந்தே தொடங்கினோம். தட்டையான ஸ்கேனர் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். அதன் மூடியை அழுத்தினால் உலர்ந்த ஏடு நொறுங்கும். மேலிருந்து நோக்குமாறு காமிராவை ஒரு தாங்கியில் நிறுத்தி, இரு பக்கமும் சூடேறாத விளக்கு வைத்து எடுப்பதே தக்கது. மை போன இடங்களில் விளக்கொன்றைத் தாழ்த்திச் சாய்வாக ஒளி விட்டால் எழுத்தாணிக் கீறல் நிழலிட்டுத் தெரியும். படத்தின் ஓரத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் இருத்தல் வேண்டும். இல்லையேல் நூறாண்டு கழித்துப் பார்ப்பவருக்கு ஏட்டின் அளவும் நிறமும் தெரியாது.

பிறகு கணக்கு. ஏடு 16 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம் என்று கொள்வோம். அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் எடுத்தால் நீளவாட்டில் 9,600, அகலவாட்டில் 900; ஆக 86,40,000 புள்ளிகள். வண்ணப் படமாதலால் புள்ளிக்கு மூன்று பைட்டு. ஒரு பக்கம் ஏறத்தாழ 26 மெகாபைட். இருபுறமும் 52. நூறு ஏடுகள் கொண்ட கட்டு 5.2 ஜிகாபைட். இருநூறு கட்டுக்கு ஏறத்தாழ 1,040 ஜிகாபைட். இது டிஃப் என்னும் சுருக்காத வடிவில். ஜேபெக் வடிவில் மிகக் குறையும். ஆனால் அது நுண்விவரங்களில் சிலவற்றைக் களைந்தே இடத்தை மிச்சப்படுத்துகிறது, களைந்தது திரும்பி வராது. பலரும் பார்ப்பதற்கான பிரதிக்கு ஜேபெக் போதும். மூலப் பதிவிற்கு ஆகாது.

இளைஞருள் பொறியியல் படித்தவர் 600-க்குக் குறையக் கூடாது என்றார். யான் வேறொரு கணக்கைக் காட்டினேன். 24 மெகாபிக்சல் காமிராவில் நீளவாட்டில் 6,000 புள்ளிகளே உண்டு. 16 அங்குல ஏடு ஒரே படத்தில் அடங்கினால் அங்குலத்திற்கு 375 புள்ளி கிட்டும். எழுத்தாணிக் கீறல் கால் மில்லிமீட்டர் அகலம் என்று கொண்டாலும் அதன்மேல் மூன்று, நான்கு புள்ளிகள் விழும். படிப்பதற்கு அது தாராளம். 600 வேண்டுமெனில் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாக எடுத்து ஒட்ட வேண்டும், அல்லது மிக விலையுயர்ந்த காமிரா வாங்க வேண்டும். 375 என்றால் சேமிப்பு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும். மிகவும் சிதைந்து, எழுத்தா பூச்சியரிப்பா என்று ஐயுறத்தக்க ஏடுகளுக்கு மட்டும் 600 வைத்துக்கொள்ளலாம். "வட்டு இப்போது மலிவுதானே மாமா" என்றார் அவர். வட்டு மலிவுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள்?

இங்குதான் காரியத்தின் கடினம் உள்ளது. ஒரே வட்டில் வைத்தால் என் தகடுகளின் கதியே நேரும். மூன்று பிரதிகள் வேண்டும். இரு வேறு வகைச் சாதனங்களில் வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கவேண்டும். இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம், வெள்ளம், திருட்டு இவை ஒரே இரவில் இரு ஊரைத் தாக்குதல் அரிது. யூ.பி.எஸ். இன்றி எங்கள் ஊர் மின்சாரத்தில் எதையும் பதியக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாண்டுக்கு மேல் நம்புவதற்கில்லை. அது நன்றாக ஓடும்போதே புதியதற்கு மாற்றிவிட வேண்டும். காந்த நாடா நீண்ட நாள் தாங்கும் என்பர், ஆனால் எல்.டி.ஓ. நாடாவின் எட்டாம் தலைமுறைக் கருவி ஏழாம் தலைமுறை நாடாவைப் படிக்கும், ஆறாவதைப் படிக்காது. நாடா இருக்கும், வாசிக்கும் கருவி இராது.

இது வெறும் அச்சமன்று. இங்கிலாந்தில் வில்லியம் மன்னர் 1086-ஆம் ஆண்டில் நாடு முழுதும் நிலக்கணக்கு எடுப்பித்த 'டூம்ஸ்டே' என்னும் பேரேடு தோலில் மையால் எழுதப்பெற்றது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை ஒட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் புதிய டூம்ஸ்டே ஒன்றை உருவாக்கிற்று. பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தத்தம் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினர். யாவும் லேசர் தகடுகளில் பதியப்பட்டன. பதினாறு ஆண்டுகளில், 2002 வாக்கில், அத்தகடுகளை ஓட்டும் கருவிகள் அருகி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் முயன்று பழைய கணினியைப் புதிய கணினிக்குள் போலச்செய்து மீட்க வேண்டியதாயிற்று. 2011-இல் வலைத்தளமாக வெளியிட்டனர். 2018-இல் அதையும் மூடி ஆவணக் காப்பகத்தில் சேர்த்தனர். 1086-ஆம் ஆண்டுப் பேரேட்டை லண்டனின் கியூவிலுள்ள அதே தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் மூலமாகவே படிக்கலாம்.

பொருளானது தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் உடையது என்று இளம்பருவத்திலேயே கற்றவர் நாம். தகடு ஒரு பரியாயம், வட்டு ஒரு பரியாயம், ஓலையும் அதுவே. ஒரு நிலை அழியுமுன் மறுநிலை தோன்றிவிட்டால் சுருதம் தொடரும். நம் முன்னோர் ஏடு பழுதாகுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தது இதனால்தான். என்ன, அவர்களுக்கு இரண்டு மூன்று நூற்றாண்டு அவகாசம் கிடைத்தது. நமக்கு ஐந்தாண்டு. கணினிக்கு மாறியதால் நம் வேலை குறைந்தது என்று எண்ணுவது தவறு. ஏட்டுக்குச் செய்ததைவிட அடிக்கடி செய்யவேண்டிய சேவையை ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

பெரிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டால் கவலையில்லை என்பார் உளர். 2004-இல் தொடங்கப்பெற்ற, அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் உலகெங்கும் அரிய சுவடிகளைப் படமாக்க உதவி வருகிறது. மிக நல்ல பணி. 2023 அக்டோபர் இறுதியில் அந்நூலகத்தின் கணினிகளைக் கொள்ளையர் முடக்கினர். பணம் கேட்டு மிரட்டினர், நூலகம் கொடுக்கவில்லை. இத்திட்டத்தின் படங்களையும் வலைத்தளத்தில் பல மாதம் காண இயலாது போயிற்று. ஆனால் மூலச் சுவடி பிறந்த நாட்டைவிட்டு நீங்கலாகாது, படங்களின் ஒரு பிரதி அங்கேயும் இருக்கவேண்டும் என்று அத்திட்டத்தார் தொடக்கத்திலேயே விதி வகுத்திருந்தனர். வலைத்தளம் முடங்கிய காலத்தில் அவ்விதியின் அருமை விளங்கியது. உதவி பெறுவதில் தவறில்லை. பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று எண்ணுவதே தவறு.

தரசேனர் வரலாற்றில் ஒரு பகுதியை நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். வந்த இருவருக்கும் அவர் உடனே கற்பிக்கவில்லை. ஒருவருக்கு எழுத்து மிகுந்தும் மற்றவருக்கு எழுத்து குறைந்தும் இருக்குமாறு மந்திரங்களைக் கொடுத்துச் சாதிக்கச் சொன்னார். அவர்கள் முன் தோன்றிய தேவதைகள் உருக்குறையுடன் நின்றன. அதனின்றும் பிழையை உணர்ந்து, தாமே திருத்திக்கொண்டு மீண்டும் சாதித்தனர். அதன் பின்னரே ஆசாரியர் தொடங்கினார். ஓரெழுத்து கூடினாலும் குறைந்தாலும் கண்டுகொள்ளும் ஆட்கள் கிடைத்தார்களா என்பதே அவர் முதற்கவலை. ஓலை பிறகு வந்தது.

பிற்காலத்தில் படியெடுத்தோரும் முப்பத்திரண்டு எழுத்தை ஒரு கிரந்தம் என்று கொண்டு நூலின் மொத்த அளவை எண்ணிக் குறித்தனர். வீரசேனரின் தவளை உரை எழுபத்திரண்டாயிரம் கிரந்தம் என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? எழுதியவருக்குக் கூலி தரவும், ஏடு விடுபட்டதா என்று அறியவும் அக்கணக்கு உதவிற்று. கணினியிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்தையும் ஒரு கணிதச் செயலுக்கு உட்படுத்தி அதற்கென்று நீண்டதொரு சரிபார்ப்பு எண்ணைப் பெறலாம். படத்தில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். ஆண்டுக்கொரு முறை எல்லா எண்களையும் மீண்டும் கணக்கிட்டு, பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, கெட்டதை நல்ல பிரதியிலிருந்து மாற்றி எழுதலாம். கணினி ஓரிரவில் செய்துவிடும். ஆனால் அந்த ஓரிரவில் அதைச் செய்யவேண்டும் என்று நினைவில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். அவருக்குப் பின் இன்னொருவர் வேண்டும்.

ஆகவே இளைஞர்களிடம் யான் கேட்டது இது: பத்தாண்டு கழித்து இந்த வட்டுகளை யார் திறந்து பார்ப்பார்? பெயர் சொல்லுங்கள். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இருவர் சென்னையில் வேலை. ஒருவர் வெளிநாடு போகக் காத்திருந்தார். ஒருவர் மட்டும் ஊரில் விவசாயம்.

நம் இல்லறத்தார் விரதங்களில் மிகுபொருள் வரைதல் ஒன்று. நிலம், பொன், கால்நடை, தானியம் என்று ஒவ்வொன்றிற்கும் எல்லை வகுத்துக்கொண்டு அதற்கு மேல் கொள்ளாதிருத்தல். புண்ணியப் பொருளுக்கு எல்லை எதற்கு என்று தோன்றும். யான் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்போது எண்ணம் மாறிவிட்டது. காக்க இயலாத அளவிற்குச் சேர்ப்பது எதுவாயினும், அதில் பற்றின் நிழல் இருக்கத்தான் செய்கிறது. இருநூறு கட்டுகளைப் படமாக்கினோம் என்று விழா மேடையில் சொல்லிக்கொள்வதில் ஒரு சுவை உண்டு. நாற்பது கட்டுகளை இருபதாண்டாகக் குறையின்றி வைத்திருக்கிறோம் என்பதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. விரதம் ஏற்பவர் தம் ஆற்றலை மறையாமலும் மிகைப்படுத்தாமலும் ஏற்கவேண்டும் என்பர். பொருளுதவி செய்ய முன்வந்த அன்பரிடம் யான் துணிந்து கேட்டதும் அதுவே: தொகை முழுவதையும் கருவிக்குச் செலவிடாமல், ஒரு பாதியை வைப்பு நிதியாக்கி, ஐந்தாண்டுக்கொரு முறை வட்டு மாற்றவும், ஊரில் இருக்கும் ஒருவருக்குச் சிறு ஊதியம் தரவும் பயன்படுத்தலாகாதா? அவர் சற்றுத் தயங்கினார். கருவியில் பெயர் பொறிக்கலாம், வட்டியில் எங்கே பொறிப்பது! பிறகு ஒப்புக்கொண்டார்.

அந்த விவசாய இளைஞர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. "நாம் நாற்பதோடு நிறுத்தினால் மீதி நூற்றறுபதைக் கறையான் விட்டுவைக்குமா மாமா?" விட்டுவைக்காது. வளையாபதி நம் கண்முன்னே இருக்கும் சான்று. ஒரு காப்பியத்தில் இன்று மிஞ்சியிருப்பவை எழுபதை ஒட்டிய பாடல்களே, அவையும் பிறர் மேற்கோளாக எடுத்தாண்டமையால் பிழைத்தவை. யாரேனும் அரைகுறையாகவேனும் ஒரு படி எடுத்திருந்தால் என்று நாம் ஏங்குகிறோமா இல்லையா? ஆகவே என் வாதத்தை யானே தளர்த்திக்கொண்டேன். நொறுங்கிக்கொண்டிருக்கும் கட்டு எதிர்ப்பட்டால், கையில் உள்ள தொலைபேசியாலேனும் அன்றே எடுத்துவிடுக. ஆனால் அதைக் காக்கப்பட்டவை என்னும் பட்டியலில் சேர்க்காமல், காத்திருப்பவை என்று வேறொரு பட்டியல் வைத்து அதில் எழுதுக. அந்தப் பட்டியல் நீளுகிறது என்பது நமக்குத் தெரிந்தபடியே இருக்கட்டும். இதிலும் ஓட்டை உண்டு. பட்டியலைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போதலும் பிரமாதமே.

பூச்சிகளைப் பற்றியும் பேச்சு வந்தது. படமெடுக்குமுன் கட்டுகளில் உள்ள புழு பூச்சியை ஒழிக்க மருந்துப்புகை இடுவது பல இடங்களில் வழக்கம். கடுங்குளிரில் வைப்பதும், உயிர்வளி நீக்கிய பையில் இடுவதும் ஏட்டுக்குக் கேடு செய்யாத முறைகள். பூச்சிக்கு மூன்றும் ஒன்றே. ஞானத்தைக் காக்க உயிரைக் கொல்லுதல் தகுமா என்று ஒரு சிராவகி அம்மையார் கேட்டார். தகும் என்று சொல்ல என் நா எழவில்லை. கறையானுக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் எழவில்லை. வசம்பும் வேம்பும் தைலமும் பூச்சியை வரவிடாமல் தடுப்பவை. மாதந்தோறும் பிரித்துக் காற்றாட வைக்கும் கட்டில் அது முட்டையிட இடமே அமையாது. எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்கி எடுத்து நோக்கி வைக்கும் சமிதியை முனிவர்க்கு விதித்த காரணம் இதுவே. கொல்லலாமா என்ற கேள்வி எழும் நிலைக்கு ஒரு கட்டு வந்துவிட்டதெனில், நாம் பல ஆண்டுகளுக்கு முன்பே தவறிவிட்டோம் என்பதுதான் பொருள். வந்துவிட்ட கட்டுகளை மென்தூரிகையால் பொறுமையாகத் தூற்றி, பூச்சியை வெளியே விட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. எல்லாம் போகாது என்பதை அறிந்தே அம்முடிவை எடுத்தோம்.

சிலர் தம் வீட்டுக் கட்டைத் தர மறுத்தனர். படம் வெளியே போனால் யார் யாரோ பார்ப்பர் என்பது அவர்கள் அச்சம். மூடபித்ரியின் கதையை எடுத்துச் சொன்னோம். தவளையும் ஜயதவளையும் அங்கே ஓலையில், நெடுங்காலம் தரிசனத்திற்கு மட்டுமே உரியனவாக இருந்தன. படியெடுக்கும் வேலை தொடங்கிப் பல்லாண்டு நடந்து, ஹீராலால் ஜைன் பதிப்பாகத் தவளையின் முதல் தொகுதி 1939-இல் வெளிவந்தபோதுதான் அது கற்போர் கைக்கு வந்தது. போற்றி வைத்தமையால் பிழைத்தது. வைத்தபடியே இருந்திருந்தால் யாரும் படித்திரார். ஆயினும் மறுத்தவர்களின் அச்சத்தை முற்றிலும் தள்ளவும் இயலாது. சில கட்டுகளில் சாத்திரத்தோடு குடும்பத்து ஜாதகமும் கடன் முறியும் சேர்ந்துள்ளன. அவ்வேடுகளைப் படமெடுப்பதா, எடுத்தால் யாருக்குக் காட்டுவது என்பதை உடையவரே எழுதித் தரவேண்டும் என்று வைத்தோம். ஊர், கட்டு, ஏடு, பக்கம் என்ற வரிசையில் ஒவ்வொரு படத்திற்கும் பெயரிடுவது என்பதும், அதே விவரத்தை ஒரு தடித்த நோட்டில் மையால் எழுதிவைப்பது என்பதும் அன்று முடிவானவை. நோட்டு எதற்கு என்று கேட்ட பொறியாளரிடம் 1986-ஆம் ஆண்டுக் கதையை நினைவூட்டினேன்.

முதல் ஆண்டில் முப்பத்தெட்டுக் கட்டுகள் முடிந்தன. அவற்றிற்குப் புதுக் கயிறு கோத்து, தைலமிட்டு, உரியவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, அடுத்த ஐந்து சுருத பஞ்சமிக்கும் பிரித்துக் காற்றாட வைப்பேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். இது பெரியம்மாவின் நிபந்தனை. கையெழுத்திட மறுத்தவர் மூவர். அவர்கள் கட்டு கோயிலிலேயே உள்ளது.

முப்பத்தெட்டாவதாக எங்கள் வீட்டுப் பதினோரு ஏடுகளை எடுத்தனர். பெயரிடும்போது எத்தனையாவது ஏடு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். ஏட்டின் இடப்பக்கத்து எண்கள் ஏழில் மட்டுமே எஞ்சியிருந்தன. மற்ற நான்கிற்கும் அவ்விடத்தை வெறுமையாக விடச் சொன்னேன். திறக்காத மூன்று தகடுகளையும் அந்த இளைஞர் வாங்கிப் போயிருக்கிறார். சென்னையில் யாரோ முயன்று பார்ப்பதாகச் சொன்னார்களாம். இன்னும் செய்தி இல்லை.